ஐந்து அடிக்குள்

இந்த ஞாயிற்றுக்கிழமை மச்சானைக் கொன்றுவிடுவது என்று முடிவு செய்தேன். அவன் இறந்து பத்து மாதம் ஆகிறது. இருந்தும் கொல்ல வேண்டியிருந்தது.

பதறாதீர்கள், சொல்கிறேன். மச்சான் இளம்பரிதி, என் மனைவி ராதிகாவின் தம்பி. ஓசூரில் வேலை. சனிக்கிழமை ஆனால் பஸ் ஏறிப் பாலக்கோட்டில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான், கையில் ஒரு விளையாட்டின் தடித்த இங்கிலீஷ் விதிப்புத்தகத்தோடு. ஆளுக்கொரு வீரனைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, பகடை உருட்டி, வாயாலேயே சண்டை போடும் விளையாட்டு அது. அவன் வீரன் மின்னல்வேலன். ராதிகாவின் வீராங்கனை காளி. அரக்கர்கள் மொத்தமும் என் பொறுப்பு. இந்த வீட்டில் என் குரல் ஓங்கியது அரக்கனுக்குப் பேசும்போது மட்டும்தான்.

மஞ்சள் காமாலை இளம்பரிதியைக் கொண்டுபோனது. மின்னல்வேலன் சாகவில்லை. ஞாயிறுதோறும் ராதிகா தம்பியின் காகிதத்தை விரித்து, அவனுக்கும் சேர்த்துப் பகடை உருட்டுவாள். அவனுக்கென்று இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு ஒரு டம்ளர் காபியும் வைப்பாள். அது ஆறிப்போவதைப் பார்க்க என்னால் முடியவில்லை. வேலன் வீரமாகச் செத்தால், அவள் ஒருமுறை நன்றாக அழுது ஓய்வாள் என்று கணக்குப் போட்டேன்.

ஒரே தடை, காளியிடம் இருந்த 'கேடயம் நீட்டுதல்' என்ற சண்டைத் திறன். பக்கத்தில் நிற்கும் தோழனுக்கு விழும் அடியை அவள் வாங்கிக்கொள்ளலாம். அதனால் காளியை ஆற்றுக்கு அக்கரையில், நாற்பது அடி தள்ளி நிறுத்தினேன். நான் நில அளவையர். தூரத்தில் எனக்குத் தப்பு வராது.

"அரக்கன் வேலனை அடிக்கிறான். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு அடி!"

"இருங்க. கேடயத்த நீட்டறேன். நாலும் காளிக்கு."

"நீ அக்கரையில இருக்கற ராதிகா. அஞ்சு அடிக்குள்ள இருந்தாத்தான் நீட்ட முடியும்."

அவள் நோட்டைப் பிரித்தாள். இங்கிலீஷ் வராதவளுக்காக விதிகளை நானே தமிழில் எழுதிக்கொடுத்த நோட்டு. வாசித்தாள்.

"'தோழனுக்கு விழுவதை, ஐந்து அடிக்குள் இருந்தால், தான் வாங்கிக்கொள்ளலாம்.' விழுந்தது நாலு அடிதானேங்க? அஞ்சுக்குள்ளதான் இருக்குது."

"ஐயோ, அது தூரம்!"

"தூரம்னு எங்க எழுதியிருக்கறீங்க?"

எங்கும் எழுதவில்லை.

"இங்கிலீஷ் புக்குல தெளிவா இருக்குது."

"சரிங்க. போய் எடுத்துக்கிட்டு வாங்க."

நான் எழவில்லை. அந்தப் புத்தகத்தைப் பாடையில் இளம்பரிதியின் நெஞ்சின்மேல் வைத்து அனுப்பியதே நான்தான். அவளுக்கும் அது தெரியும்.

"அப்ப இந்த வூட்ல நோட்டுல இருக்கறதுதான் ரூல்," என்றாள்.

நாலு அடியில் காளியின் உயிர் தீர்ந்தது. ராதிகா காளியின் காகிதத்தை மடித்து ஓரமாக வைத்தாள். அழவில்லை. தம்பியின் காகிதத்தைத் தன் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஏன் மாமா," என்றாள், அவன் இழுக்கிற அதே இழுப்பில். "எங்கக்காவ எதுக்குக் கொன்னீங்க?"

பத்து மாதமாக என்னை யாரும் மாமா என்று கூப்பிடவில்லை. அழுதது நான்தான். அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதேன்.

"அழுவாதீங்க மாமா. காபி ஆறிப்போச்சு பாருங்க. வேற போட்டுக்கிட்டு வாங்க."

மச்சானைக் கொல்லப் போனவன், மச்சானுக்குக் காபி போட எழுந்தேன். சர்க்கரை இரண்டு கரண்டி.