தெர்மாமீட்டர் கட்டிய பகல் தூக்கம்

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே கார் செய்கிறார்கள், போன் செய்கிறார்கள், கண்ணாடி செய்கிறார்கள், டயர் செய்கிறார்கள். தூக்கம் செய்யத் தெரிந்தவர் அந்தச் சாலை நெடுகத் தேடினாலும் ஒரே ஒருவர்தான். அவரைத் தெர்மாமீட்டர் என்று கூப்பிடுவோம். கடன் பத்திரத்தில் பத்தொன்பது இடத்தில் அவருடைய சொந்தப் பெயருக்கு எதிரே கையெழுத்து வாங்கியவன் நான். எனக்கே இந்தப் பெயர்தான் முதலில் வாயில் வருகிறது.

நான் அப்போது அங்கே ஒரு வங்கிக் கிளையின் மேலாளர். ஒரு பிற்பகல் அவரும் அவர் மனைவி ஸ்டெல்லாவும் வீட்டுக் கடன் கேட்டு வந்தார்கள். அவர் கார் பாகங்களுக்குப் பெயிண்ட் அடித்து அடுப்பில் வாட்டும் இடத்தில் ஆபரேட்டர். ஒல்லியான உடம்பு, வாட்டியதில் மீந்தது போன்ற நிறம். உட்காருவதற்கு முன் சட்டைப் பையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்து என் பேனா ஸ்டாண்டில் சாய்த்து வைத்தார். ஐந்து நிமிடம் கழித்து அதைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதினார். நோட்டில் இடம், டிகிரி, குறிப்பு என்று மூன்று கட்டம். கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தேன்.

"வங்கி. 22. தூங்குகிறார்கள்."

கோபத்தோடு கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். எங்கள் காசாளரின் தலை மார்பில் சாய்ந்திருந்தது. கோபத்தை அவர் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"இது என்னய்யா நோட்டு?" என்றேன்.

"தூக்கக் கணக்கு சார்" என்றார். "இவ வயர் செய்ற கம்பெனில நைட் ஷிப்டு. காலையில எட்டரைக்கு பஸ்சு குன்றத்தூர்ல எறக்கி வுடும். நாங்க இருக்கறது சிமெண்ட் ஷீட்டு போட்ட மாடி வூடு. பத்து மணிக்கு மேல உள்ள படுத்தா ஆளு அப்பளம். இவ தூங்கறதே இல்ல சார்."

"வேலையை விட்டுவிடலாமே?"

ஸ்டெல்லா சிரித்தார். "என் சம்பளம் இல்லன்னா உங்க லோனு வராது. லோனு இல்லன்னா வூடு இல்ல. வூடு இல்லன்னா தூக்கம் இல்ல. தூக்கம் இல்லன்னா வேலை இல்ல. இதுல எந்த எடத்துல சார் வெளிய வர்றது?"

முப்பத்தாறு வருடம் கடன் விண்ணப்பங்களைப் படித்தவன் நான். இவ்வளவு சுருக்கமாகவும் சரியாகவும் யாரும் தங்கள் நிலைமையை எனக்குச் சொன்னதில்லை.

விசாரித்ததில் மேலும் பல விஷயங்கள் தெரிய வந்தன. அதற்கு முந்தைய கோடையில், வேலை இல்லாத பகல்களில் எல்லாம், சரியாக இரண்டு மணிக்கு ஏதாவது ஓர் இடத்தில் போய் அந்தத் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டிருக்கிறார். டீக்கடை, மாதா கோயில், கல்யாண மண்டபம், ஒரகடம் பாலத்தடி. டீக்கடைக்காரர், "இன்னா தெர்மாமீட்டரு, டீக்கு எத்தினி டிகிரி, காய்ச்சல் கீதா?" என்று கேட்க, அந்தப் பெயர் அன்றே நிலைத்துவிட்டது. மாதா கோயிலுக்கு "33. தூங்கலாம், பாதர் திட்டுவார்." ஏ.டி.எம். அறைக்கு "24. தூங்கலாம், நின்றுகொண்டு."

மாமியார் வீட்டில்தான் வம்பு. மேற்கே முழுக்கக் கண்ணாடி வைத்துப் புதிதாகக் கட்டிய வீடு. இவர் விருந்துக்குப் போன இடத்தில், "மாமியார் வீடு. 39. தூங்க முடியாது" என்று எழுதி நோட்டை மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறார். அந்த அம்மாள் தெரு முனை வரை வந்து கத்தினாராம்: "என் வூட்ல கறிசோறு துன்னுட்டு என் வூட்டுக்கே காய்ச்சல் பாக்கறியா நீ?"

மனை வாங்கியும் ஒரு வருடம் அவர் கல் வைக்கவில்லை. அரை கிரவுண்ட் காலி மனையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குடை. லீவு நாளில் காலை முதல் மாலை வரை நாற்காலியை இடம் மாற்றி மாற்றி உட்கார்ந்திருப்பார். பக்கத்து குடோன் வாட்ச்மேன் சந்தேகப்பட்டு வந்து கேட்டார்.

"நெலத்துல எதுனா கேசு கீதாபா?"

"இல்லண்ணே, வெயில பாத்துகினு இருக்கேன்."

"வெயில இன்னாத்த பாக்கறது? அதான் மூஞ்சில அடிக்குதே!"

"எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்கறேன்ணே."

அந்த வருடத்தில் அவர் செய்த ஒரே கட்டுமானம், மேற்கு எல்லையில் நட்ட இரண்டு புங்கன் கன்றுகள். எங்கள் வங்கி அஸ்திவாரம், லிண்டல், கூரை, பூச்சு என்று நான்கு கட்டமாகப் பணம் தரும். அதை விளக்கியபோது அவர் கேட்டார்: "நெழலு எந்த ஸ்டேஜுல சார் வரும்?"

மனையைப் பார்வையிட நானே போனேன். வெட்டவெளியில் சுண்ணாம்புப் பொடியால் வீடு வரைந்திருந்தது, முழு அளவில். வாசல், ஹால், சமையலறை, இரண்டு படுக்கை அறை எல்லாம் கோடுதான். சமையலறைக் கோட்டுக்குள் ஸ்டெல்லா மண்ணெண்ணெய் அடுப்பில் டீ போட்டுக்கொண்டிருந்தார். நான் நேராக அவரை நோக்கி நடந்தேன்.

"சார், சார்! சொவுத்து மேல நடக்கறீங்க!" என்று தெர்மாமீட்டர் அலறினார். "வாசல் இந்தப் பக்கம்."

நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்து, இல்லாத வாசல் வழியாக, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கதவு இருக்க வேண்டிய இடத்தில் லேசாகக் குனியவும் செய்தேன்.

இந்தக் கோட்டு வீட்டில் அவர்கள் மூன்று மாதம் ஞாயிறுதோறும் குடியிருந்து பார்த்தார்களாம். அடுப்பிலிருந்து ஹாலுக்கு எத்தனை எட்டு, துணி காயப்போட எவ்வளவு தூரம், எந்த ஜன்னலில் காற்று வருகிறது, எதில் வருவதாக நம்மை ஏமாற்றுகிறது எல்லாம் நோட்டில் இருந்தது. படுக்கை அறையை நான்கு தடவை அழித்து வரைந்திருக்கிறார்கள்.

"இவர் சொவுத்த காலால அழிச்சிட்டு வேற எடத்துல கட்டுவாரு சார்" என்றார் ஸ்டெல்லா. "செலவே இல்ல. உங்க லோன்ல இந்த வசதி இருக்குதா?"

"இந்த ஜன்னலாண்ட உக்காருங்க சார்" என்றார் அவர். உட்கார்ந்தேன். சரியாக அந்த இடத்தில், செம்பரம்பாக்கம் ஏரித் திசையிலிருந்து ஒரு காற்று என் கழுத்தைத் தொட்டது. அன்றைக்கே கடனுக்கு ஒப்புதல் எழுதினேன். என் பணிக்காலத்தில் ஒரு காற்றுக்காக நான் போட்ட ஒரே கையெழுத்து அது.

இதுவரை என்னைப் பற்றி நல்ல மாதிரி எழுதிவிட்டேன். இனி உள்ளதைச் சொல்ல வேண்டும்.

சுவர் எழுந்தது. செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, இரண்டு வரிசைக்கு நடுவே காலி இடம் விட்டுக் கட்டினார். அந்தக் காலி இடத்தில் நிற்கும் காற்று வெயிலை உள்ளே விடாது. செங்கல்லும் குறைவு. கூரையில் கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓடுகளை வைத்துக் கான்கிரீட் போடுவதாகத் திட்டம். கான்கிரீட்டும் குறையும், சூடும் குறையும். எல்லாவற்றையும் படம் போட்டுக் கொடுத்திருந்தார்.

எங்கள் மதிப்பீட்டுப் பொறியாளர் ஜன்னலுக்கு மேல் லிண்டல் வரை எழுந்த சுவரைப் பார்த்துவிட்டு அறிக்கை தந்தார்: "சுவரில் செங்கல் குறைகிறது. சுவர் உள்ளே காலியாக இருக்கிறது. கூரையில் பழைய ஓடுகளைக் கலக்க உத்தேசம். கூரைத் தவணையை நிறுத்திவைக்கலாம்."

தெர்மாமீட்டர் மார்ச் மாதம் ஒரு நாள் காலையில் லோடு ஆட்டோவில் இரண்டு செங்கல் பெட்டிகளோடு வந்து வங்கி வாசலில் வெயிலில் இறக்கினார். ஒன்று சாதாரணச் சுவர், மேலே சிமெண்ட் ஷீட். மற்றது அவருடைய காலிச் சுவர், மேலே ஓடு வைத்த கான்கிரீட். இரண்டுக்குள்ளும் ஒவ்வொரு சாக்லேட். பணம் எடுக்க வந்தவர்கள் வேலையை மறந்து பந்தயம் கட்டினார்கள். காசாளர் அன்று முழுக்க விழித்திருந்தார். இரண்டு மணிக்குப் பெட்டிகளைத் திறந்தார்கள். முதல் பெட்டியில் இருந்ததைக் கரண்டியால்தான் எடுக்க முடிந்தது. இரண்டாவதில் இருந்ததை அவர் என் கையில் உடைத்துக் கொடுத்தார். 'டக்' என்று சத்தம் கேட்டது.

அதை நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. பிறகு அறைக்குள் போய்க் கோப்பில் "மேலும் விளக்கம் தேவை" என்று எழுதினேன்.

ஏன் என்று பல வருடம் என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் சின்னது. நான் ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. பொறியாளரை மீறிக் கையெழுத்துப் போட்டு, நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் ஓய்வூதியப் பேப்பரோடு அலைய வேண்டும் என்று பயந்தேன். மறுத்திருந்தால்கூட அவர் வேறு வங்கிக்குப் போயிருப்பார். நான் மறுக்கவில்லை. வைத்துக்கொண்டேன். ஏப்ரல் போயிற்று. கூரையில்லாத வீட்டுக்குள் வெயில் நேராக இறங்கியது. அவர்கள் குன்றத்தூர் ஷீட்டுக்கு அடியிலேயே இன்னொரு மே மாதத்தைத் தொடங்கினார்கள்.

அந்த மே மாதம் ஸ்டெல்லா தனியாக வந்தார். நான் கேட்ட விளக்கத்தை இருவரும் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தாள், பின்னாலேயே ஸ்டெல்லாவும் வந்து நின்றார். ஸ்டெல்லாவின் கையெழுத்து மாதிரிக் கையெழுத்தோடு பொருந்தவில்லை. எல்லா எழுத்தும் இடப்பக்கம் சாய்ந்து கிடந்தன.

"பொருந்தலையேம்மா, வேற போட்டுக் கொண்டா" என்று சொல்லி நீட்டிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். வலது கை ஆள்காட்டி விரலில் கட்டு. விரல் இருக்க வேண்டிய நீளத்துக்கு அது இல்லை. வயர் முனையில் செம்பு பொருத்தும் மெஷினில் அவருக்கு வேலை என்று முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"தூங்கிட்டேன் சார்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். கடிதத்தை வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்காவது நான் அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. ஜூன் கடைசியில் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றேன். எனக்குப் பின் வந்த இளம் அதிகாரி அந்த வீட்டுக்குப் போய், சுவரைத் தொட்டுப் பார்த்து, ஒரே வாரத்தில் கூரைப் பணத்தைக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். ஒரே வாரம்!

இப்போது எனக்கு எழுபத்தொரு வயது. என் அடுக்குமாடி வீட்டில் இரண்டு ஏசி. தூக்கம் வருவதில்லை. சென்ற மே மாதம் ஒரு பிற்பகல், இனியும் தள்ளிப்போட எனக்கு வருடங்கள் இல்லை என்று தோன்றிக் கிளம்பினேன்.

புங்க மரங்கள் வீட்டை விட உயரமாகிவிட்டன. வெள்ளையடித்த கூரை. கேட்டில் நின்று, பழைய மேலாளர் குரலில், "வீட்ல யாரு?" என்றேன். தெர்மாமீட்டர் வெறுங்காலோடு ஓடி வந்தார். தலை நரைத்திருந்தது, பையில் அதே தெர்மாமீட்டர். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உடனே உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவா சார். நைட்டு முடிச்சி வந்து தூங்கறா. இப்ப லைன் சூப்பர்வைசர்."

ஹாலில் உட்கார்ந்தோம். ஏசி இல்லை, ஒரு மின்விசிறி சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. என்றோ சுண்ணாம்புக் கோடாக இருந்த அதே ஜன்னல் பக்கம் எனக்கு நாற்காலி போட்டார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன், கிசுகிசுப்பாக. மன்னிப்பை ரகசியக் குரலில் கேட்பது சிரமம். சதி செய்கிறவன் மாதிரி இருக்கிறது.

அவர் முழுக்கக் கேட்டார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. "அத்த நீங்க அவகிட்டதான் சார் சொல்லணும். வெரலு அவுளுது" என்றார். "அஞ்சு மணிக்கு எந்திரிப்பா. உக்காந்துகினு இருங்க."

காத்திருந்தேன். அந்தக் காற்று வந்து கழுத்தைத் தொட்டது.

கண் திறந்தபோது எதிரே ஸ்டெல்லா டீ டம்ளரோடு நின்றார்.

"இன்னா சார், தூங்கிட்டீங்களா?"

"தூங்கிட்டேன்மா" என்றேன். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எனக்கு உறைத்தது. டம்ளரைப் பிடித்திருந்த விரலைப் பார்த்தேன். எழுந்து நின்று, இந்தத் தடவை உரக்க, எல்லாவற்றையும் சொன்னேன். சாக்லேட் முதல் மாலை மரியாதை வரை.

அவர் டம்ளரை என்னிடம் நீட்டினார். "டீ ஆறுது சார்" என்றார். குடித்தேன்.

புறப்படும்போது வாசலருகே ஆணியில் நோட்டு தொங்குவதைப் பார்த்தேன். பழைய புத்தி போகுமா? எட்டிப் பார்த்தேன். அன்றைய தேதியில் இரண்டு கட்டத்தைத் தெர்மாமீட்டர் நிரப்பியிருந்தார். வெளியே 40, ஹால் 31.

"மூணாவதுல நான் எழுதறது இல்ல சார்" என்றார், செருப்பை எனக்கு எடுத்து வைத்தபடியே. "வூடு கட்னதுலேர்ந்து அது அவ டிபார்ட்மெண்ட்."

மூன்றாவது கட்டத்தில் இரண்டே சொற்கள். "சார் தூங்கினார்." எல்லா எழுத்தும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. அந்தக் கையெழுத்து யாருடையது என்று நான் எங்கே வேண்டுமானாலும் சாட்சி சொல்வேன்.