ஆணி அடிக்காத ஒப்பந்தம்

"ஆவணி, இரண்டாம் வெள்ளி, காலை 9.20. வாசல் நிலை தயார். பூ தயார். மேஸ்திரி இல்லை. காரணம்: நான்."

என் நாட்குறிப்பில் இவ்வளவு நேர்மையான பதிவு வேறு கிடையாது.

பிரான்சில் வாழும் அக்காவுக்காக செலியமேட்டில் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். மேற்பார்வை நான். சும்மா பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம், ஆனால் நான் படிக்கிறவன் (வியாதி அதுதான்). பிரான்சில், கட்டியவர் பத்து வருடம் கட்டடத்துக்குப் பொறுப்பு என்று படித்தேன். இங்கே ஏழுமலை மேஸ்திரி வெற்றிலை பாக்கு வாங்கியதுதான் ஒப்பந்தம். இரு நாட்டுச் சட்டத்தையும் இணைக்க, உலகம் எனக்காகவே காத்திருப்பதாகத் தோன்றியது. பதினான்கு பக்கம் தட்டச்சு செய்தேன். 'விரிசல்' என்றால் என்ன என்பதற்கே ஒரு பக்கம். வியாழக்கிழமை அதை நீட்டினேன். மேஸ்திரி முழுதும் படித்தார். கரணையையும் ரசமட்டத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வாசல் நிலை வைப்பதைப் பார்க்கத்தான் அக்கா வந்திருந்தாள். ஞாயிறு விமானம். பத்தரைக்கு ராகு காலம் (நாங்கள் கிறிஸ்தவர்கள்தான், நேரம் குறித்தது மேஸ்திரி).

"டேய், உன் சட்டத்த வெச்சு நிலைய நீயே நிறுத்து," என்றாள். கண் கலங்கியிருந்தது. அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பாகூரிலுள்ள மேஸ்திரி வீட்டுக்குப் பறந்தேன்.

"பத்து வருசமா? எனக்கே அறுபத்தெட்டு ஆவுது. மேல போனப்புறம் உன் நோட்டீசு எங்க தம்பி வரும்?"

"அது... வாரிசுகள்... பதினோராம் பக்கம்..."

"இன்னாது!" மேஸ்திரியின் மனைவி முறத்தோடு எழுந்தார்.

அக்கா குறுக்கே வந்தாள். "அவன வுடுங்க மேஸ்திரி. அப்பா படத்த மாட்ட ஒரு வூடு வேணும். அத உங்க கையில வுட்டுட்டுத்தான் போறேன்."

மேஸ்திரி ரசமட்டத்தைக் கையில் எடுத்தார்.

"சரிம்மா. பத்து வருசம் நான் பொறுப்பு. ஆனா என்னக் கேக்காம என் செவுத்துல ஒருத்தனும் ஆணி அடிக்கக் கூடாது. எழுதுபா!"

பதினைந்தாம் பக்கத்தைக் கையால் எழுதினேன். மூவரும் கையெழுத்திட்டோம். 10.20க்கு நிலை நின்றது.

ஏழு வருடமாக நானும் மனைவியும் அங்கே குடியிருக்கிறோம். காலண்டர் ஜன்னல் கம்பியில். கடிகாரம் பிரிட்ஜ்மேல். அப்பா படம் அலமாரியில் சாய்ந்தபடி. (கேட்டால் மேஸ்திரியே அடித்துத் தருவார், ஒப்பந்தம் எழுதியவனுக்குக் கேட்க வெட்கம்.) எங்கள் குடும்பத்தில் யார் எதற்கு அனுமதி கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "மேஸ்திரிகிட்ட கேட்டியா?"

ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அவர் வந்து சுவர்களைத் தட்டிப் பார்ப்பார். இந்த முறை வந்தபோது, டீக்குப் பால் வாங்க நான் கடைக்குப் போயிருந்தேன். திரும்பினால், கூடத்துச் சுவரில் அப்பா. துளிகூடச் சாயவில்லை.

"நான் எதுக்குபா அடிக்கிறேன்?" என்கிறார் மேஸ்திரி. வீட்டிலிருந்த மனைவிக்குச் சத்தமே கேட்கவில்லையாம்.

ஆணி அடித்தவர் யார் என்பது இதை எழுதும்வரை உறுதி செய்யப்படவில்லை.