என் சட்டையில் இன்னொருவர் நடித்த படம்

மதிப்பிற்குரிய மச்சான் செம்பியன் அவர்களுக்கு,

மயிலாப்பூரிலிருந்து உங்கள் தங்கை தேவானையின் வீட்டுக்காரன் தணிகாசலம் வணக்கத்துடன் எழுதுவது. காட்பாடியில் நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். அந்த எல்லோரில் என்னைச் சேர்க்காமல் படிக்கவும். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் எந்த போன் எப்போது படம் பிடிக்கிறது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் தபால்.

முதலில் என் நீலக் கட்டம் போட்ட சட்டை காணாமல் போனது. அப்புறம் பழைய மூக்குக்கண்ணாடி. தேவானையைக் கேட்டால், "எங்கயாவது வச்சிருப்பீங்க" என்றாள். மாடியில் மஹ்விஷ் என்று ஒரு பெண் குடிவந்திருக்கிறாள், தரமணியில் கம்ப்யூட்டர் வேலை. லீவு நாளில் கீழே வந்து தேவானையோடு சமையலறையில் குசுகுசுவென்று பேசுவாள். நான் தண்ணீர் குடிக்கப் போனால் இரண்டு பேரும் ரசப்பொடியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ரசப்பொடியில் அவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது மச்சான்? ஒரு நாள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபோது (தற்செயலாகத்தான் நின்றேன்), "அவரை வியாழக்கிழமை பட்டினப்பாக்கத்துக்கு வரச் சொல்லிட்டேன், சட்டை அவருக்குக் கச்சிதமா இருக்கு" என்று உங்கள் தங்கை சொன்னது காதில் விழுந்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

வியாழக்கிழமை கோயிலுக்கு என்று சொல்லி அவள் கிளம்ப, நான் இன்னொரு ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போனேன். மீன் கடைகளுக்குப் பக்கத்தில் என் சட்டை நின்றுகொண்டிருந்தது. உள்ளே வேறு ஆள். மூக்கில் என் கண்ணாடி. அந்த ஆள் மீன் விற்கும் அம்மா ஒருவரைப் பார்த்து, "எங்கே போயிட்டு வர்றே? மணி என்ன ஆச்சு?" என்று கத்துகிறார், மஹ்விஷ் போனை ஒரு கம்பில் மாட்டிப் பிடித்திருக்கிறாள், உங்கள் தங்கை ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் சந்தேகமா பாருங்க பாய், அவரு முறைச்சா இடது புருவம் மட்டும்தான் மேல ஏறும்" என்கிறாள். நான் பாய்ந்து போய், "யோவ், கழட்டுய்யா சட்டையை!" என்றேன். தாயம்மா என்கிற அந்த மீன்கார அம்மா, "இன்னா நைனா, ஷாட்டு நடந்துகினு கீது, குறுக்க வந்து நிக்கிற? ஓரமா ஒத்து!" என்று என்னையே அதட்டினார். சட்டைக்குள் இருந்தவர் உமர் ஃபாரூக், திருவல்லிக்கேணியில் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவராம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவரு நல்லா பண்றாரேம்மா, இவரையே போட்டிருக்கலாமே" என்றார். "குறும்படம் எடுக்கறேன். சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பீங்க, அதான் சொல்லல" என்றாள் உங்கள் தங்கை. நான் கேட்கிறதெல்லாம் நியாயமான கேள்விகள்தானே: எதுக்கு, யாருக்கு, யார் சொல்லி?

படத்தை முடித்துப் போட்டிகளுக்கு அனுப்பினார்கள். ஒரு இடத்திலிருந்தும் பதில் இல்லை. யூட்யூபில் போட்டார்கள், சொந்தக்காரர்கள் எல்லாம் வாட்ஸப்பில் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனார்களே தவிர, திறந்து பார்க்கவில்லை. (நீங்களும் கட்டைவிரல் காட்டினீர்கள். பார்த்தீர்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.) நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவள் தட்டில் சோறு ஆறுவது தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டு, "யாரும் பார்க்காத படத்துக்கு எதுக்கு அத்தனை பேரையும் வெயில்ல நிக்க வச்சேன்" என்றபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

கடைசியில், அடையாறில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் குறும்படம் போடுகிறவர்கள் கூப்பிட்டார்கள். நாற்காலிகள் நிறைந்திருந்தன. வெளியே மழை, ஒதுங்க வந்த கூட்டமோ என்று அதிலும் எனக்குச் சந்தேகம். படத்தில் அந்த ஆள் பெண்டாட்டியின் கைப்பையை மோந்து பார்க்கிறான், அவள் செருப்பில் மணல் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறான், ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எழுந்து போய்விடலாம் என்று நான் நினைக்கும்போது, படத்தில் ஒரு பஸ் ஸ்டாப் வந்தது. மழை. அவள் யாரோடு இறங்குகிறாள் என்று பார்க்க அவன் ஒளிந்து நிற்கிறான். அவள் தனியாக இறங்குகிறாள். அவன் கையில் இரண்டு குடை. ஒருத்தரும் சிரிக்கவில்லை மச்சான். லஸ் முனையில் நான் ஒரு நாள் அப்படி நின்றது உண்மை. அது யாருக்கும் தெரியாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். ஏசி காற்று பட்டு என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

திரும்பும்போது ஆட்டோவில், "அன்னிக்கு என்னைப் பார்த்தியா?" என்றேன்.

"பார்த்தேன். வேவு பார்க்க வந்த மனுஷன் எனக்கும் சேர்த்து எதுக்குக் குடை எடுத்துட்டு வந்தாருன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். அதான் படம்" என்றாள்.

இருந்தாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே! மறுநாள் காய்கறிக் கடையில், அடையாறில் எங்களோடு உட்கார்ந்து படம் பார்த்த ஒரு அம்மா, "சார், புருவத்தை ஒரு தடவ தூக்கிக் காட்டுங்களேன்" என்கிறார். இதற்குள் இவள் அடுத்த படத்துக்கு எழுத உட்கார்ந்துவிட்டாள். ஆகவே நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, மூத்தவர் என்ற முறையில், "போதும்மா, நிறுத்து" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் சகல நலமும் பெற்று, கையில் போன் இல்லாமல் நெடுநாள் வாழ என் ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
தணிகாசலம்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் தேவானை அடுத்த கதையைச் சொல்லிவிட்டாள். ஒரு அண்ணனைப் பற்றியது. ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுவார். தங்கை வீட்டுக்கு வந்தால் டிவி ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவார். அருமையான கதை. அவள் மறந்துபோன விவரங்களை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் வேஷமும் எனக்குத்தான். அதனால் நிறுத்தச் சொல்ல வேண்டாம். ஆனால் கட்டாயம் வாருங்கள். உங்கள் குறட்டை எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.