எதிர் வீட்டுக்குப் போன ஃபிரிட்ஜ்

ஸ்ரீநிவாஸ் வீட்டு வாசலில் ஃபிரிட்ஜ் மாட்டிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அதை எதிர் வீட்டிலிருந்து கொண்டுவந்த கோபு தோள் கொடுத்துத் தள்ளினான்.

"எதுக்குண்ணா இதை இங்க கொண்டு வர்றீங்க?" என்றான் உள்ளே நின்ற ஸ்ரீநிவாஸ்.

"எங்க வீட்டுச் சுவர்ல ஈரம் ஊறுதுப்பா. ரெண்டு நாள் இங்க இருக்கட்டும்."

ஈரமாவது ஒன்றாவது. பெங்காலிப் பேட்டையான டாலிகஞ்சின் அந்த வாடகை வீட்டு வரிசையில் இருந்தவை இரண்டே தமிழ்க் குடும்பங்கள். இரண்டுமே மத்திய அரசின் மானிய வீட்டுக்கு மனுப் போட்டிருந்தன. மறுநாள் வார்டு ஆபீஸிலிருந்து ஆள் வந்து தகுதி பார்க்கப் போகிறார்கள். வரிசைக்கு ஒரு வீடுதான் என்று டீக்கடையில் பேச்சு.

கோபுவுக்கு அந்த வீடு வேண்டும். அதைவிட முக்கியமாக, ஸ்ரீநிவாஸுக்குக் கிடைக்கக் கூடாது. நேற்று ஊரிலிருந்து வந்தவன், அதற்குள் தெருவில் எல்லோரோடும் பெங்காலியில் சிரித்துப் பேசுகிறான். கோபு இத்தனை வருஷமாகியும் காய்கறிக்காரனிடம் விரலைக் காட்டித்தான் பேரம் பேசுகிறான். நினைத்தாலே வயிறு எரிந்தது.

"அவன் வீட்ல ஃபிரிட்ஜைப் பார்த்தா வசதிக்காரன்னு எழுதிடுவாங்க. நம்ம வீட்ல அது இல்லைன்னா நம்மை ஏழைன்னு எழுதுவாங்க," என்று மனைவி விஜயலட்சுமிக்கு விளக்கினான்.

"தோசை மாவை எங்க வைக்கிறது?"

"அவன் வீட்லதான்."

மத்தியானம் கோபுவுக்குச் சந்தேகம் வந்தது. இந்தக் காலத்தில் ஃபிரிட்ஜ் யார் வீட்டில்தான் இல்லை? டிவியையும் எடுத்துக்கொண்டு போனான். டிவியைக் கண்டு யார் மயங்குவார்கள் என்று வாஷிங் மெஷினும் போனது. கடைசியில் கட்டிலும் பீரோவும் போயின. ஸ்ரீநிவாஸின் குழந்தைகள் கட்டில்மேல் ஏறி இறங்கித்தான் சமையலறைக்குப் போக முடிந்தது.

"பீரோவுக்குமா ஈரம்?" என்றாள் விஜயலட்சுமி.

"நீ சும்மா இரு."

சாயங்காலம் ஸ்ரீநிவாஸ் வந்தான். "அண்ணா, நாளைக்கு அவங்க வந்து கேட்டா எல்லாம் உங்க சாமான்னு சொல்லிடறேன். அதுதானே முறை?"

கோபுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயையோ, அப்படியெல்லாம் சொல்லாதேப்பா. அது வந்து... எல்லாத்தையும் நீயே வெச்சுக்கோ. உனக்காகத்தான் கொடுத்தேன்."

ஸ்ரீநிவாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்ணா," என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டு, இருவருமாகக் கோபுவின் காலில் விழுந்தார்கள். "நல்லா இருங்க," என்று கோபு பல்லைக் கடித்துக்கொண்டு ஆசீர்வாதம் செய்தான்.

அன்றிரவு விஜயலட்சுமி பாயை உதறி மூலையில் தனியாக விரித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் வார்டு ஆபீஸிலிருந்து ஒரு பெங்காலிப் பெண் வந்தாள். முதலில் ஸ்ரீநிவாஸ் வீடு. ஃபிரிட்ஜுக்கும் பீரோவுக்கும் நடுவில் அவள் பக்கவாட்டில் நுழைவதை ஜன்னல் வழியாகப் பார்த்த கோபுவுக்குக் குளுகுளுவென்றிருந்தது. உள்ளே நின்றபடியே அவள் நிறைய எழுதினாள். ஒழிந்தான் பயல் என்று நினைத்துக்கொண்டான்.

பிறகு இங்கே வந்தாள். கிழிந்த பனியனோடு கோபு கும்பிட்டான். ஒரு பாய், ஒரு ஸ்டவ், ஒரு வாளி. பேசினால் எதிரொலித்தது.

"எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல தீதி," என்றான், அக்காவுக்குத் தீதி, அண்ணனுக்குத் தாதா என்று தனக்குத் தெரிந்த அரைகுறைப் பெங்காலியில்.

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் டிவி இருந்த இடம் மட்டும் வெள்ளையாகச் சதுரமாகத் தெரிந்தது. தரையில் கட்டில் கால்களின் தடம் இருந்தது.

"எதிர் வீட்ல பாவம், கால் வைக்க இடமில்ல. அவங்களுக்குத்தான் முதல்ல வீடு வேணும்னு எழுதிட்டேன்," என்றாள்.

கோபு ஒரு அடி முன்னால் வந்தான். "அப்ப எங்களுக்கு?"

அவள் புன்னகையோடு பையை மூடினாள்.

"சொந்த வீடு இருக்கிறவங்களுக்கு இது கிடையாதே தாதா. சாமானெல்லாம் முன்னாடியே அனுப்பிட்டீங்க, உங்க புது வீடு எந்தப் பக்கம்?"