ஒரு பம்புக்கு நான்கு மூடி

மனிதகுலம் அணுவைப் பிளந்திருக்கலாம். நிலவில் கால் வைத்திருக்கலாம். ஆனால் மலேசியாவில் லூபோக் சீனா என்ற ஊரை ஒட்டிய எங்கள் செம்பனைத் தோட்டத்தில் களைக்கொல்லியைக் கெட்டியாக்கினோமே, அந்தச் சாதனைக்கு முன்னால் அவையெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு. நான் அதற்கு நேரடிச் சாட்சி. தோட்டத்து ஆபீசில் கிராணி. கூட்டக் குறிப்பு எழுதுவதும் கடிதம் தட்டுவதும் என் திருப்பணி.

எங்கள் நிர்வாகி திருச்செல்வம் மலாக்கா டவுன் ஹோட்டல் ஒன்றில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனார். நாலு தேநீர் இடைவேளைகளுக்குப் பிறகு ஒரு மாபெரும் உண்மையோடு திரும்பினார்: செறிவு கூடினால் வினை வேகமாக நடக்கும். நான்காம் படிவப் பாடநூலில் இருப்பதுதான். ஆனாலும் ஹோட்டலில் கேட்டால் அதற்குத் தனி மதிப்பு.

மறுநாளே "அனைத்துத் தரப்பினர் கூட்டம்" கூடியது. அனைத்துத் தரப்பினர் என்றால் அவர், நான், சுவரில் குளிரூட்டும் ஓர் ஏர்கோன். ஒரு பம்புத் தண்ணீருக்கு ஒரு மூடி மருந்து என்ற பழைய முறை ரத்தானது. இனி நான்கு மூடி. ஏர்கோனும் மறுப்புத் தெரிவிக்காததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

பதினோரு வருடமாக முதுகில் பம்பு சுமந்து மருந்தடிக்கும் புனிதா அக்காவுக்கு மட்டும் இந்த முன்னேற்றம் பிடிக்கவில்லை. ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார்.

"சார், இவ்ளோ கெட்டியா அடிச்சா எலதான் ஒடனே கருகும். எல செத்துட்டா மருந்து வேருக்கு எப்படி எறங்கும்? லாலாங் புல்லு திரும்ப வந்துரும் சார்."

"நீங்க கெமிஸ்ட்ரி படிச்சிருக்கீங்களா?"

"படிக்கல சார். கிளவுஸாச்சும் குடுங்க, கையெல்லாம் எரியுது."

கையுறைகளுக்கு எங்களிடம் பஞ்சமே இல்லை. தலைமையகத்திலிருந்து ஆள் வரும் நாளில் காலையில் கொடுத்து, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குவோம். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் கையுறைகளைத் திரும்ப வாங்கி ஸ்டோரில் அடுக்கிவிடுவோம். ஆறு வருடமாகியும் ஒன்றுகூடக் கிழியவில்லை.

மூன்றாம் நாள் லாலாங் புல் மொத்தமும் கருகியது. திருச்செல்வம் அதன் நடுவில் நின்று படம் எடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்பினார். அந்தப் படத்துக்கு 'பசுமைத் தோட்ட விருது' வந்தது.

மூன்றாம் வாரம் புனிதா அக்காவின் வலது கையில் மூன்று நகங்கள் கழன்று விழுந்தன. அதே வாரம் லாலாங் வேரிலிருந்து தளதளவென்று முளைத்தது. சிம்பாங் அம்பாட் கிளினிக்கில், வேலையில் வந்த காயம் என்று எழுதி நஷ்டஈட்டுக்கு அனுப்ப வேண்டுமானால், எவ்வளவு மருந்து கலந்தார்கள் என்று தோட்டம் கடிதம் தர வேண்டும் என்றார்கள். அவர் கட்டுப்போட்ட கையோடு என்னிடம் வந்தார்.

"கிராணி, நாலு மூடின்னு நீங்கதான எழுதுனீங்க. அதையே எழுதிக் குடுங்க, போதும்லா. இந்தக் கைய நம்பித்தான் ரெண்டு புள்ளைங்க படிக்குது."

விஷயம் தெரிந்ததும் திருச்செல்வம் கூட்டக் குறிப்பை என்னிடமிருந்து வாங்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். பிறகு நிறுத்தி நிதானமாகச் சொல்லச் சொல்ல, நான் தட்டினேன்: 'ஒரு பம்புக்கு ஒரு மூடி என்பதே தோட்டத்தின் விதி. நான்கு மூடி ஊற்றியது திருமதி புனிதாவின் சொந்த முடிவு. கையுறை வழங்கப்பட்டதற்கு அவரது கையெழுத்து இணைக்கப்பட்டுள்ளது.'

அருமையான கடிதம். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. தட்டிய விரல்கள் என்னுடையவை. பத்திலும் நகம் இருக்கிறது.