சால்சாவுக்குப் புகை அனுமதி

தக்காளி எத்தனை, மிளகாய் எத்தனைன்னு எழுதிக்கலாம்னு பேனாவும் கையுமா உட்கார்ந்திருக்கீங்க, தெரியுது. பேனாவ மூடிடுங்க. இது அடுப்பங்கரை சமாச்சாரம் இல்ல, ஃபைல் சமாச்சாரம்.

ஒரு அலுவலகம். அதுல புகைத் தடுப்புப் பிரிவுன்னு ஒண்ணு. அதுக்கு ஒரே ஒரு கிளார்க். எந்த விண்ணப்பம் வந்தாலும் ஒரு கொக்கி போட்டுத் திருப்பி அனுப்புவார். அதனால பேரே கொக்கி. காலியா கிடக்கிற கண்காணிப்பாளர் நாற்காலி மேல பதினோரு வருஷமா அவருக்கு ரெண்டு கண்ணும்.

அந்த அலுவலகத்தோட பெரிய அதிகாரி பயிற்சிக்குப் போன இடத்துல சால்சா சாப்பிட்டுட்டார். தக்காளியும் மிளகாயும் தோல் கருகச் சுட்டு, ஒண்ணு ரெண்டா அரைச்சுத் தொட்டுக்கறது. ஊர் திரும்பின மறுநாளே சுற்றறிக்கை வந்துடுச்சு:

"பணியாளர் அனைவரும் தத்தம் இல்லத்தில் புகைமணமும் காரமும் ஒருங்கே பொருந்திய சால்சா தயாரித்து, வெள்ளி முற்பகல் தவறாது சமர்ப்பிக்க வேண்டியது. சிறந்த புகைக்குரியவர் கண்காணிப்பாளராக நியமிக்கப்படுவார்."

வீட்டுல புகை போடணும்னா அனுமதி வேணுமே! கொக்கி மேஜையில நாப்பத்திரெண்டு விண்ணப்பம். அத்தனையும் திரும்பிப் போச்சு: "புகையின் மாதிரி இணைக்கப்படவில்லை."

நாப்பத்து மூணாவது விண்ணப்பம் கொக்கியோடதே. மூக்குக்கண்ணாடியத் துடைச்சுப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சார். அதையும் திருப்பிட்டார். வேண்டியவன்னு பார்த்தா நியாயம் என்ன ஆகும்?

வியாழன் சாயங்காலம் வீட்டுல கம்பி வலையில தக்காளிய அடுக்கி, அடுப்பு மேல வெச்சு, இடுக்கியால திருப்பித் திருப்பிப் போட்டுக்கிட்டிருந்தார். மனைவி எட்டிப் பார்த்தாங்க.

"என்னங்க, அடுப்பே பத்த வைக்கலையே?"

"அனுமதி வரல."

"யாரு குடுக்கணும்?"

"நான்தான்."

"அப்போ குடுத்துத் தொலைங்களேன்!"

"மாதிரிப் புகை பார்க்காம எப்படிடி குடுக்கறது?"

"அந்தப் புகை எப்போ வரும்?"

"அனுமதி குடுத்தா வரும். பேசாம இரு, இந்தப் பக்கம் இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

மனைவி மிளகாய் டப்பாவ எடுத்து நீட்டினாங்க. "சரி, காரத்துக்கு யாருகிட்ட அனுமதி வாங்கணும்?"

கொக்கி விதிப் புத்தகத்த முன்னும் பின்னும் புரட்டினார். காரத்துக்குப் பிரிவே இல்ல! அவ்வளவுதான், டப்பாவுல இருந்த காஞ்ச மிளகாய் மொத்தமும் தக்காளியோட மிக்ஸிக்குள்ள போச்சு.

வெள்ளிக்கிழமை. நீள மேஜையில நாப்பத்து மூணு கிண்ணம். எல்லாம் செக்கச் செவேல்னு, மருந்துக்குக்கூட ஒரு கருப்புப் புள்ளி இல்லாம. பெரிய அதிகாரி ஒவ்வொண்ணா தொட்டு நக்கி "ம்"னார். கொக்கியோட கிண்ணத்துக்கு வந்தார். ஒரு கரண்டிதான். காது ரெண்டும் சிவந்துடுச்சு, கண்ணுல தாரை தாரையா தண்ணி.

"கண்ணு எரியுதுய்யா! இதுதான்யா புகை!"

"எனக்கு மூக்குலயே ஏறுதுங்கய்யா," தலைமைக் கணக்கர் கரண்டியத் தொடாமலே சொன்னார்.

"ஹால் பூரா மணக்குதுங்கய்யா," டைப்பிஸ்ட் அம்மா இருமினாங்க.

நேரம் ஆக ஆக மணம் கூடிக்கிட்டே போச்சு. விட்டத்துக்குக் கீழ லேசா சாம்பல் நிறத்துல ஏதோ மிதந்துச்சு.

"நல்ல சால்சான்னா மணம் கண்ணுக்கே தெரியும்," பெரிய அதிகாரி விளக்கினார். நாப்பத்து மூணு தலையும் ஆடிச்சு. கொக்கி வேட்டிய... இல்ல, பேண்ட்ட இழுத்து விட்டுக்கிட்டு நெஞ்ச நிமித்தி நின்னார். நியமன உத்தரவு மேஜைக்கு வந்துச்சு. பெரிய அதிகாரி பேனாவத் திறந்தார்.

அப்போதான் தண்ணி கேன் போடறவர் தோள்ல கேனோட உள்ள ஓடி வந்தார்.

"மணம் கிண்ணத்துலேருந்து வரலீங்கய்யா! உங்க ரூம்ல தக்காளியச் சுடப் போட்டுட்டு அடுப்ப அணைக்காமயே வந்துட்டீங்க... ஜன்னல் திரை பத்திக்கிட்டு எரியுது!"