மச்சானின் முட்டியும் என் சர்க்கரையும்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நான் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது பொய்யாகிவிடும் என்பதால் நேரே உங்கள் முட்டிக்கு வந்துவிடுகிறேன். ஆபரேஷன் செய்த இடத்தில் வலி குறைந்ததா? காலை மடக்க முடிகிறதா? நேற்று போனில் உங்கள் தங்கை, "அண்ணன் இன்னும் சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்குறாரு, இன்னும் ஒரு மாசம் இருந்துட்டு வரேனே" என்றாள். நானும் பெரிய மனுஷன் மாதிரி, "அதுக்கென்ன, தாராளமா இரு" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததிலிருந்து என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன். அவளிடம் சொல்ல வெட்கமாக இருப்பதால் உங்களிடம் சொல்கிறேன். அவளைச் சீக்கிரம் அனுப்பி வையுங்கள். எல்லாம் என் சர்க்கரை வியாதியை முன்னிட்டுத்தான், வேறு காரணம் எதுவும் இல்லை.

என் வேலை உங்களுக்குத் தெரியும். மரச்சாமான் கடையில் புகார் கவுன்ட்டர். ஆடுகிற நாற்காலி, மூடாத பீரோ, காலுடைந்த கட்டில் எல்லாவற்றுக்கும் காலையிலிருந்து மாலை வரை நான்தான் திட்டு வாங்க வேண்டும். திட்டு வாங்கினால் நாக்கு இனிப்புக் கேட்கிறது. வீட்டுக்கு வந்ததும் சர்க்கரை ஜாடியைத் தேடுவேன். உங்கள் தங்கை அதை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளிப்பாள், இஸ்திரிப்பெட்டி வந்த அட்டைப்பெட்டிக்குள் ஒளிப்பாள், ஒருமுறை என் தலையணை உறைக்குள்ளேயே ஒளித்து வைத்தாள். எப்படியோ கண்டுபிடித்து ஒரு ஸ்பூன் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளையாக வந்து உட்காருவேன். "எங்க, வாயைத் திறங்க பாப்போம்" என்பாள். "ஊஹூம்" என்று தலையை மட்டும் ஆட்டுவேன். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து சிரித்ததில் பாதி அந்த நேரத்தில்தான் மச்சான்.

உங்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது அந்த ஜாடியைச் சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்துவிட்டு, "ஒளிச்சா வீட்டையே புரட்டிப் போட்டுடுவீங்க. இந்தாங்க, கண் முன்னாடியே இருக்கு, மனசாட்சி இருந்தா பாத்துக்கங்க" என்று போய்விட்டாள். கண்ணெதிரே இருக்கும் சர்க்கரையை வைத்துக்கொண்டு மனிதன் என்ன செய்வான்? நானே ஒளித்துப் பார்த்தேன், ஒளித்த இடம் எனக்கே தெரிந்திருந்தது. எதிர் வீட்டு டிரைவிங் ஸ்கூல்காரரைக் கூப்பிட்டு, "சார், இதைக் கொஞ்சம் ஒளிச்சுக் கொடுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஒளித்துக் கொடுத்தார். அன்று மாலை தேடினேன். ஜாடி கிடைக்கவில்லை, அலமாரியின் மூலையில் உங்கள் தங்கையின் பழைய மூக்குக்கண்ணாடிதான் கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எதுவும் சரியாகத் தெரியவில்லை, ஆனாலும் கழற்ற மனம் வரவில்லை. மறுநாள் வாஷிங் மெஷினைப் போட்டேன். மனுஷன் மெஷினுக்குள் கிடந்த அழுக்குத் துணிக்கு அடியில் ஒளித்திருக்கிறார். மூடி கழன்று அத்தனை சர்க்கரையும் சட்டைகளில் ஏறி, அலசியும் போகவில்லை. அந்தச் சட்டையோடு கவுன்ட்டரில் உட்கார்ந்தால், பீரோ புகார் கொண்டுவந்த அம்மா பாதியில் நிறுத்தி, "சார், உங்க காலர்ல எறும்பு வரிசையா போகுது. வீட்டுல யாரும் இல்லையா?" என்று கேட்டார். புகார்ப் புத்தகத்தில் பீரோ என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஊருக்குப் போயிருக்கிறாள்' என்று எழுதிவிட்டேன்.

இதற்கெல்லாம் மேல், போன வாரம் முழு கேக் ஒன்றை வாங்கும் அளவுக்குத் துணிந்துவிட்டேன். வெட்டி வாயருகே கொண்டு போனவன், பழக்க தோஷத்தில் அடுக்களைப் பக்கம் காது கொடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. கேக்கை மூடி மறுநாள் கடைப் பையன்களுக்குக் கொடுத்துவிட்டேன். போனில் ஆரோக்கிய ஆப் ஒன்று போட்டிருக்கிறேன். வெள்ளரிக்காய் சாப்பிட்டேன் என்று அழுத்தினால் 'அருமை' என்கிறது. உங்கள் தங்கை ஒருநாளும் என்னை அருமை என்று சொன்னதில்லை. வெள்ளரிக்காய்த் தட்டை முன்னால் வைத்து, நான் தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். ஆகவே என் உடல்நிலை மிக ஆபத்தான கட்டத்தில் இருக்கிறது என்பதை உணர்ந்து ஆவன செய்யவும்.

உங்கள் முட்டி வைரம் பாய்ந்த கட்டையாக உறுதிப்பட்டு, நீங்கள் படிகளை இரண்டிரண்டாகத் தாண்ட என் மனமார்ந்த வாழ்த்துகள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில், கடையில் எல்லோருக்கும் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. என் சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது. வியாதி வந்த நாள் முதல் இவ்வளவு இறங்கியதே இல்லையாம். "என்னத்தை மாத்தினீங்களோ, அதையே விடாம செய்ங்க" என்று டாக்டர் கைகொடுத்தார். வீட்டில் மாறியது ஒன்றே ஒன்றுதான் மச்சான், வாயைத் திறக்கச் சொல்ல அவள் இல்லை, திருடித் தின்னவும் மனம் வரவில்லை. மேலே வியாதி பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். இந்த ரிசல்ட்டை அவளிடம் சொல்ல வேண்டாம், நிம்மதியாக இன்னும் இரண்டு மாதம் அங்கேயே இருந்துவிடுவாள். சர்க்கரை ஏறினால் ஏறட்டும். அவளை அனுப்பி வையுங்கள்.